சமூகவியல் படித்தால் சோறு கிடைக்குமா?



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தாயாருடன் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளை. இடைநிலைப்பள்ளி, எஸ்.டி.பி.எம்., பல்கலைக்கழகம் என ஒவ்வொரு படியாக ஏறி இளங்கலைப் பட்டமும் பெற்றுவிட்டாள். வாங்கி வந்த பலகாரத்தை மேசைமேல் வைத்த கையோடு, அந்த அம்மா தம் முறையீட்டைத் தொடங்கினார்.

“ஐயா, நீங்களாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற வயதில் மறுபடியும் படிக்கப் போகிறாளாம். டாக்டருக்கா, வக்கீலுக்கா? அதுவும் இல்லை. தோட்டத்துச் சனங்களைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். எங்களைப் பற்றிப் படிக்க என்ன ஐயா இருக்கிறது?”

மாணவி விரும்புவது சமூகவியலில் முதுகலைப் பட்டம். ஆய்வுப் பொருள், தோட்டத் தொழிலாளரின் மனித உரிமை. உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். நானும் முதலில் அந்த அம்மாவின் பக்கமே பேசினேன். “முதலில் ஒரு வேலையைத் தேடிக்கொள். தம்பி இன்னும் படிக்கிறான். அப்பாவுக்கும் வயதாகிறது. ஆசிரியர் பயிற்சிக்காவது விண்ணப்பம் செய்யலாமே” என்றேன். பல ஆண்டுகளாகப் பல மாணவர்களுக்கு நான் சொல்லிவந்த அறிவுரைதான்.

அவள் மறுத்துப் பேசவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். “ஐயா, நான் படித்தபோது என் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர்? இப்போது அதே வகுப்பில் எத்தனை பேர்? ஏன் குறைந்தார்கள்?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஆயத்தமான விடை உண்டு. ஒவ்வொரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் அதைச் சொல்லி வருகிறேன். மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். இருப்பவர்களில் சிலர் பிள்ளைகளைத் தேசியப் பள்ளிக்கும் சீனப் பள்ளிக்கும் அனுப்புகிறார்கள். தமிழ்ப்பற்று குறைந்துவிட்டது. இதையே அவளிடமும் சொன்னேன்.

“அது பாதி விடைதான் ஐயா” என்றாள். “போனவர்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே. தேயிலை இன்னமும் இருக்கிறது. கொழுந்து பறிக்க ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே?”

நான் வாயடைத்துப் போனேன். அன்புக்குரியவர்களே, நீங்களும் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று நம் மலைச்சரிவுகளில் கத்தரியும் இயந்திரமும் ஏந்திக் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தற்காலிக வேலை அனுமதியில் வருகிறவர்கள். அந்த அனுமதியில் வருபவர் மனைவி மக்களை உடன் அழைத்துவர முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் நாடு திரும்ப வேண்டும். நம் பாட்டன் பாட்டிமார் இருந்த லயத்தில் இன்று குடும்பங்கள் இல்லை, தனி ஆள்கள் இருக்கிறார்கள். குடும்பம் இல்லாத லயத்தில் பிள்ளை ஏது? பிள்ளை இல்லாத தோட்டத்தில் பள்ளிக்கூடம் எப்படித் தழைக்கும்?

நம் முன்னோர் கதை வேறு. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. 1910இலேயே ஒப்பந்தக்கூலி முறை ஒழிக்கப்பட்டுவிட்டதால், அக்காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கங்காணிகள் வழியாகவும் தாமாகவும் வந்தார்கள். கொழுந்து பறிக்கப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. எனவே தோட்டத்தில் குடும்பங்கள் அமைந்தன, குழந்தைகள் பிறந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு கூறியது. 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்த பிறகு, தோட்டங்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டே நடந்தன. தோட்டத்துக்குத் தேவைப்பட்ட உழைப்பின் வடிவமே நம் தமிழ்ப்பள்ளியை ஈன்றது. அந்த வடிவம் மாறியபோது பள்ளியும் சுருங்கியது.

150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளியைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. அந்தப் பட்டியலில் நம் பள்ளி சேர்ந்தபோது நான் பெற்றோரைக் குறை சொன்னேன். பெற்றோர் ஆசிரியர்களைக் குறை சொன்னார்கள். நாம் ஒருவரையொருவர் நொந்துகொண்டிருந்தோமே ஒழிய, நம் இருவரையும் மீறிய ஒரு காரணம் உண்டு என்பதைப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒரே கேள்வியில் அதைக் காட்டிவிட்டாள்.

இதுதான் சமூகவியல்! ஒரு மனிதரின் சொந்தத் துன்பம் போலத் தோன்றுவதற்குள் சமுதாயம் முழுவதற்குமான காரணம் ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் காண்பதே சமூகவியலாளரின் பணி என்னும் கருத்தை 1959இல் அமெரிக்கப் பேராசிரியர் சி. ரைட் மில்ஸ் விரிவாக எழுதினார். அந்த நூலை நம் தோட்டத்துப் பாட்டிமார் படித்ததில்லை. ஆனால், “எல்லாம் என் தலையெழுத்து” என்று அவர்கள் பெருமூச்சு விட்டபோதெல்லாம், அதில் எவ்வளவு தலையெழுத்து, எவ்வளவு சம்பளக் கணக்கு என்று பிரித்துச் சொல்ல யாரேனும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனித உரிமை என்றதும் பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். அது தெருவில் இறங்கிக் கூச்சலிடுவது, வழக்கில் மாட்டிக்கொள்வது என்று எண்ணுகிறார்கள். 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றம் ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தைப் பாருங்கள். அதன் 23ஆம் விதி நியாயமான ஊதியத்தையும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் சொல்கிறது. 25ஆம் விதி உணவு, உடை, வீடு, மருத்துவம் பற்றியது. 26ஆம் விதி கல்வி பற்றியது. இவற்றில் எது நமக்கு அந்நியமானது? தோட்டத்து மக்கள் அன்றாடம் பேசுகின்ற பேச்சுத்தானே இவை?

அந்தப் பிரகடனத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றையும் கேட்டார்கள். துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ‘மனித உரிமை’ என்ற சொற்றொடர் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. பொருள் மட்டும் நன்றாகவே தெரிந்திருந்தது. நம் வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னதில்லை.

“எங்களைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது?” என்று அந்த அம்மா கேட்டாரே, அதற்கு வெளியார் எப்போதோ விடை கூறிவிட்டார்கள். கெர்னியல் சிங் சந்து மலாயா இந்தியரின் குடியேற்றம் குறித்து எழுதிய பெருநூல் 1969இல் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆர்.கே. ஜெயின், 1960களின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 1970இல் வெளியானது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும் அதே ஆண்டு வந்தது. நம் நாட்டுப் பேராசிரியர் பி. இராமசாமி தோட்டத் தொழிலாளர், சங்கம், முதலாளி, அரசு ஆகிய நான்கின் உறவை ஆராய்ந்து 1994இல் நூல் வெளியிட்டார். அமெரிக்கரான ஆண்ட்ரூ வில்ஃபர்டு, தோட்டங்களை இழந்த தமிழர்கள் நீதியை எப்படி எண்ணி ஏங்குகிறார்கள் என்று 2014இல் எழுதினார்.

இவர்கள் அனைவருக்கும் நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். எனினும் இரண்டு குறைகள் என் மனத்தில் படுகின்றன. இந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பெரும்பாலும் இரப்பர், செம்பனைத் தோட்டங்களையே பேசுகின்றன. ஜெயின் தாம் ஆராய்ந்த தோட்டத்துக்குப் ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் சூட்டினார். தகவல் தந்த மக்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்பதற்காக ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கும் நல்லொழுக்கம் அது. ஆனால் அந்தத் தோட்டத்துப் பேரப்பிள்ளை இன்று அந்த நூலைக் கையில் எடுத்தாலும், அதில் வருகிறவர்கள் தன் தாத்தா பாட்டி என்பது அவனுக்குத் தெரியாமலே போகலாம். வீட்டுப் பிள்ளையே எழுதினால், எழுதியதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து வாசித்துக் காட்ட முடியும்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு என்னும் தேயிலை மலை இருக்கிறது. அங்கே கொழுந்து பறிப்பவர்களும் நம்மைப் போன்ற தமிழர்களே. அத்தகைய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜெயசீலன் ராஜ், நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகம் வரை சென்று மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றார். தேயிலைத் தொழில் நலிந்து தோட்டங்கள் கைவிடப்பட்டபோது தம் மக்கள் என்ன ஆனார்கள், அவர்கள் தலித்துகள் என்பது அந்த நெருக்கடியை எவ்வாறு மேலும் கடுமையாக்கியது என்பதை ஆராய்ந்து எழுதினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பதிப்பகம் 2022இல் அதை நூலாக வெளியிட்டது. இணையத்தில் எவரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்களைப் பற்றி மைத்ரி ஜெகதீசன் எழுதிய நூல் 2019இல் வந்தது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் உழைப்பும் கண்ணியமும் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாகத் தகுதி பெற்றிருக்கும்போது, நம் மலையில் மட்டும் “படிக்க என்ன இருக்கிறது” என்று நாமே கேட்கலாமா?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் பிள்ளை நம்மைப் பற்றி ஆராய வந்தால், நாம் மகிழும்படி மட்டும் எழுதுவாள் என்று எதிர்பார்க்கக் கூடாது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை, எந்தக் குடும்பம் ஒதுங்கி நிற்கும் என்று அவள் கேட்பாள். குடிப்பழக்கத்தால் பெண்கள் பட்ட அடியைக் கேட்பாள். துரையும் கிராணியும் செய்த கொடுமையோடு, நம்மவரான கங்காணியும் மண்டோரும் செய்ததையும் எழுதுவாள். அப்போது “வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டுகிறாளே” என்று நாம் சினந்தால், நாம் கேட்டது புகழுரை, ஆய்வன்று.

மேலும், உரிமை என்பது நம்மோடு நின்றுவிடுவதன்று. இன்று லயத்தில் தனியாகச் சமைத்து உண்டு, கைப்பேசியில் மகளின் முகம் பார்க்கும் அந்த வங்காளதேசத்து இளைஞன், 1930களில் கப்பலிறங்கிய நம் பாட்டனின் இடத்தில் இருப்பவன். நம் பாட்டனுக்குப் பின்னால் குடும்பம் வந்து சேர்ந்தது. இவனுக்கு அதுவும் இல்லை. ‘அயல்நாட்டுக்காரன் நம் வேலையைப் பறித்துக்கொண்டான்’ என்று சொல்வது எளிது. அவனை இப்படிக் கொண்டுவந்து வைத்திருக்கும் ஏற்பாடு எது என்று கேட்பது கடினம். அதே போல, நமக்கும் தேயிலைக்கும் முன்பே இந்த மலையில் வாழ்ந்த செமாய் மக்களையும் மறக்கலாகாது. 2019 இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதி, பூர்வகுடிகளிலிருந்து நாட்டின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. இவர்கள் அனைவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண்ணை நம் பிள்ளைகளுக்குத் தருவது இந்தப் படிப்பு.

சரி, சோறு கிடைக்குமா? தலைப்பிலேயே கேட்டுவிட்டேன், விடை சொல்லாமல் நழுவக்கூடாது. மருத்துவம் படித்தவருக்குக் கிடைப்பது போல உறுதியான, விரைவான வருமானம் இதில் இல்லை. இதை மாணவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வழியே இல்லை என்பது பொய். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. மானிடவியல், சமூகவியல் துறையும் உண்டு. அண்டை நாடான தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகம் 1998 முதல் மனித உரிமையில் முதுகலைப் படிப்பு நடத்தி வருகிறது. விரிவுரைஞர், ஆய்வாளர், செய்தியாளர், தொழிற்சங்க அலுவலர், சமூகநல அதிகாரி எனப் பணிகள் பல. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சுஹாகாம் எனும் மனித உரிமை ஆணையமும் நாட்டில் இருக்கிறது. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு குறித்த ஐயத்தால் மலேசியாவின் இரு பெரும் செம்பனை நிறுவனங்களின் எண்ணெய்யைத் தடுத்து நிறுத்தியது. அதன்பின், தொழிலாளரின் நிலையை நேர்மையாகக் கேட்டறிந்து அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் தோட்டத்துறைக்கே தேவைப்படுகிறார்கள். தோட்டத்துப் பேச்சும் வழக்கமும் அறிந்த பிள்ளையைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

என் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகலையில் செய்யும் களப்பணியின் விதையை நான்காம் ஆண்டிலேயே ஊன்றலாம். ‘என் பொழுதுபோக்கு’ என்று கட்டுரை எழுதச் சொல்வதோடு, ‘என் பாட்டியின் ஒரு நாள்’ என்றும் எழுதச் சொல்லுங்கள். பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார், ஒரு நாளில் எத்தனை கிலோ பறித்தார், சம்பளம் என்ன, கைக்குழந்தையை எங்கே விட்டுச் சென்றார் என்று கேட்டு எழுதட்டும். கேட்பதற்கு முன் பாட்டியின் இசைவைப் பெற வேண்டும், சொல்ல விரும்பாததை வற்புறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அந்த ஏடுகளைப் பள்ளியிலேயே பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று. பழைய சம்பளச் சீட்டு, வேலை அட்டை, புகைப்படம், சங்கச் சந்தாப் புத்தகம் எதையும் எறிந்துவிடாதீர்கள். உங்களுக்குக் குப்பையாகத் தோன்றுவது, நாளை உங்கள் பேத்திக்குச் சான்றாகும். பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால் உடனே மறுக்காமல், எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, யார் வழிகாட்டி, முடித்தபின் என்ன என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நான்குக்கும் விடை வைத்திருக்கும் பிள்ளை, விளையாட்டாகக் கேட்கவில்லை என்று பொருள்.

அன்று என் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். எப்போது இந்த எண்ணம் வந்தது என்று மாணவியைக் கேட்டேன். “பாட்டியின் அடையாள அட்டையைப் பார்த்தபோது ஐயா” என்றாள். பாட்டி இந்த மலையிலேயே பிறந்தவர். கை தளரும்வரை கொழுந்து பறித்தவர். ஆனால் அவர் கையில் இருப்பது குடிமக்களுக்குரிய நீல அட்டை அன்று. நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அட்டை. ஏன் என்று வீட்டில் கேட்டாளாம். “அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியவில்லை, பத்திரம் இல்லை, விட்டுவிட்டோம்” என்றார்களாம். எத்தனை வீடுகளில் இதே விடை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் படிக்க வேண்டும் என்று தோன்றியதாம்.

அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. புறப்படும்போது மகளிடம், “எத்தனை வருசம்?” என்று கேட்டார். இரண்டு ஆண்டு என்றாள். “பாட்டி இருக்கும்போதே முடித்துவிடு” என்றார்.

என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்த வாரம் பாட்டி கட்டுரைதான் வீட்டுப்பாடம். உங்கள் வகுப்பிலும் எழுதச் செய்து பாருங்கள். என்ன வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.